'இல்' ஒன்றுதான்; 'இன்', 'ஆன்', 'அட்' மூன்று: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "ஆங்கில ப்ரிபொசிஷன்களைப் பற்றிக் கேளுங்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மேசை நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஆங்கிலப் பதிப்பகம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள் நான். என் சிவப்பு மையில் பாதி இந்தச் சின்னஞ்சிறு சொற்களுக்கே செலவானது. அதனால் கேள்விகள் எவையும் எனக்குப் புதியவை அல்ல, ஒன்றைத் தவிர. அது கடைசியில் வருகிறது. ஆங்கிலச் சொற்களை வழக்கம்போலத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் சிக்கல் இராது.

கேள்வி: அறையில், சுவரில், வாசலில் என்று எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே 'இல்' போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் 'இன் தி ரூம்', 'ஆன் தி வால்', 'அட் தி டோர்' என்று ஏன் மூன்று? எங்கே எது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, அம்மா. (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: நாமும் எப்போதும் ஒன்றோடு நின்றவர்கள் இல்லை, பெண்ணே. நன்னூலில் பவணந்தி முனிவர் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளை அடுக்குகிறார். 'கண், கால், கடை, இடை, தலை, வாய்' என்று தொடங்கும் அந்த வரிசையில், நீ சொல்லும் 'இல்' கடைசி ஆளாக வந்து நிற்கிறது. இருபத்தெட்டை வைத்துக் குடித்தனம் நடத்திய மொழியைப் பேசுகிறவள் மூன்றைக் கண்டு மலைக்கலாமா?

முதலில் ஒரு தவறான பாடத்தை மறந்துவிடு. 'ஆன்' என்றால் 'மேல்' என்று யாரோ உனக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சுவரில் மாட்டிய படம் சுவருக்கு மேலா இருக்கிறது? உத்தரத்தின் அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஈயும் 'ஆன் தி சீலிங்'தான். விரலைச் சுற்றிய மோதிரமும் 'ஆன்'தான். தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதே 'ஆன்' கேட்கும் கேள்வி. மேலா, கீழா, பக்கவாட்டிலா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

'இன்' என்பது சுற்றிலும் எல்லை இருக்கிறதா என்று பார்க்கும். அறை, பெட்டி, நாடு, கூட்டம், கண்ணாடிக் குவளை எல்லாம் அதற்குச் சொந்தம். 'அட்' இந்த இரண்டையும் பார்க்காது. வரைபடத்தில் ஊசி குத்துவதுபோல ஓர் இடத்தைப் புள்ளியாக்கிவிடும். 'ஹி இஸ் அட் தி ஸ்டேஷன்' என்றால் அவர் நடைமேடையில் இருக்கலாம், டிக்கெட் வரிசையில் இருக்கலாம், வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 'இன் தி ஸ்டேஷன்' என்றால் கட்டடத்துக்குள் இருக்கிறார். மழை பெய்தால் நனையமாட்டார்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 'கார்னர்'. அறைக்குள் நாற்காலி கிடக்கும் இடம் 'இன் தி கார்னர்'. தெரு திரும்பும் இடத்தில் ஒருவர் நின்றால் 'ஆன் தி கார்னர்' அல்லது 'அட் தி கார்னர்'. இரண்டு சுவர்கள் சேரும் இடத்தை உள்ளிருந்து பார்த்தால் 'இன்', வெளியே இருந்து பார்த்தால் மற்ற இரண்டு. நாம் என்ன செய்கிறோம்? முன்னதை மூலை என்கிறோம், பின்னதை முனை என்கிறோம். அதே வேறுபாடுதான். நாம் பெயரை மாற்றிக்கொள்கிறோம், அவர்கள் ப்ரிபொசிஷனை மாற்றிக்கொள்கிறார்கள்.

வண்டிகளுக்கு ஒரு குறிப்பு: எழுந்து நடமாட முடிந்தால் 'ஆன்', உடலை மடக்கி உள்ளே நுழைந்து உட்கார வேண்டுமென்றால் 'இன்'. ஆகவே பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாம் 'ஆன்'. கார் 'இன்'. சைக்கிளும் குதிரையும் ஏறி உட்காருபவை என்பதால் 'ஆன்'. நேரத்துக்கு வந்தால், மணி என்னும் புள்ளிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. காலைக்கு 'இன் தி மார்னிங்'. ஆனால் கிழமையைச் சேர்த்துவிட்டால் 'ஆன் மண்டே மார்னிங்'. இரவு மட்டும் 'அட் நைட்' என்று தனிவழியில் போகும். அதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல் அப்படியே வைத்துக்கொள்.

கேள்வி: "வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி ப்ளான்" என்று எழுதினேன். மேலாளர் 'அபவுட்'டை அடித்துவிட்டார். ஆனால் அவரே மறுநாள் 'எ டிஸ்கஷன் அபவுட் தி ப்ளான்' என்று எழுதுகிறார். அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? (அலுவலகத்தில் பணிபுரியும் வாசகர்)

பதில்: கோபம் நியாயமானதுதான், ஆனால் இரண்டு இடத்திலும் அவர் சொன்னதே சரி. 'டிஸ்கஸ்' என்ற வினை செயப்படுபொருளை நேராகக் கையில் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஆள் தேவையில்லை. 'டிஸ்கஷன்' பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லுக்கு அப்படிப் பிடிக்கும் வலு கிடையாது, துணைக்கு ஒரு ப்ரிபொசிஷன் வேண்டும். 'ரிக்வெஸ்ட்', 'ஆர்டர்', 'டிமாண்ட்', 'எம்ஃபசிஸ்' எல்லாம் இதே குடும்பம். 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி. 'ஐ ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்' தவறு. 'எம்ஃபசிஸ் ஆன்' சரி. 'எம்ஃபசைஸ் ஆன்' தவறு.

நமக்கு இந்தச் சறுக்கல் எங்கிருந்து வருகிறது? திட்டத்தைப் 'பற்றி' விவாதித்தோம் என்று மனதுக்குள் ஓடுகிறது. அந்தப் 'பற்றி'யைக் கீழே போட மனம் வருவதில்லை. இதே போல ஊரை 'அடைந்தோம்' என்பதற்கு 'ரீச்' போதும், 'டு' வேண்டாம். அறைக்குள் நுழைந்தால் 'என்டர்' போதும், 'இன்டு' வேண்டாம். ('என்டர் இன்டு' என்று ஒன்று உண்டு, அது ஒப்பந்தத்துக்குள் நுழைவதற்கு, அறைக்குள் நுழைவதற்கு அல்ல.) ஒருவரை மணந்தால் 'மேரி' என்ற வினைக்குப் பின் 'வித்' வராது, மணமான நிலையைச் சொன்னால் 'மேரீட் டு'. 'கோப் அப் வித்' என்பதையும் திருத்தித் திருத்தி என் விரல் தேய்ந்திருக்கிறது. 'கோப் வித்' மட்டும் போதும்.

கேள்வி: 'பை மண்டே', 'அன்டில் மண்டே' இரண்டும் 'திங்கட்கிழமை வரை' என்றுதானே அகராதியில் இருக்கிறது? (பெயர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன். அதற்கான தண்டனையையும் அனுபவித்தேன்.

வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவரின் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய கட்டம். பத்தாம் தேதிக்குள் திருத்தங்களை அனுப்பிவிடுங்கள் என்று அவருக்கு எழுத வேண்டும். நான் எழுதியது, 'ப்ளீஸ் செண்ட் யுவர் கரெக்‌ஷன்ஸ் அன்டில் தி டென்த்.' மனிதர் நல்லவர், சொன்னதைச் செய்பவர். மூன்றாம் தேதி நான்கு திருத்தங்கள் வந்தன. நான்காம் தேதி ஏழு. ஐந்தாம் தேதி, மூன்றாம் தேதி அனுப்பியவற்றில் இரண்டை ரத்து செய்து புதிதாக மூன்று. இப்படியே நாள் தவறாமல் பத்தாம் தேதி மாலை வரை வந்துகொண்டே இருந்தன. பக்கம் கோர்ப்பவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். இவருக்கு வேறு வேலையே இல்லையா என்று நானும் உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசி நாளில் அவர் எழுதிய குறிப்பில், நீங்கள் கேட்டபடி இன்றுவரை அனுப்பிவிட்டேன், இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன் என்று இருந்தது. அப்போதுதான் என் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். காது சிவந்துவிட்டது.

'அன்டில்' என்றால் ஒரு செயலோ நிலையோ அந்த நாள்வரை தொடர்கிறது. 'பை' என்றால் செயல் ஒரே முறை, அந்த நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் முடியலாம். தமிழில் 'வரை', 'க்குள்' என்று நமக்குத் தெளிவாகவே இரண்டு இருக்கின்றன. 'க்குள்' என்று வருமிடத்தில் 'பை' போடுங்கள், 'வரை' என்று வருமிடத்தில் 'அன்டில்' போடுங்கள். அகராதிக்காரர் சோம்பல்பட்டால் நாமும் சோம்பல்பட வேண்டுமா? 'வித்தின்' என்பதும் 'க்குள்'தான், ஆனால் அதற்குப் பின்னால் கால அளவு வரும். மூன்று நாளைக்குள் என்றால் 'வித்தின் த்ரீ டேஸ்'. அதையே 'இன் த்ரீ டேஸ்' என்றால் பெரும்பாலும் மூன்று நாள் கழித்து என்று ஆகிவிடும். கடன் கொடுத்தவருக்கு எழுதும்போது கவனம்.

கேள்வி: 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பம் தீர ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: தமிழிலேயே இருக்கிறது. 'இருந்து' என்று வந்தால் 'சின்ஸ்', 'ஆக' என்று வந்தால் 'ஃபார்'. 2015இலிருந்து இங்கே வேலை செய்கிறேன், 'சின்ஸ் 2015'. பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன், 'ஃபார் டென் இயர்ஸ்'. 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்று எழுதுகிறவர்கள் 'பத்து ஆண்டுகளிலிருந்து' என்று சொல்லிப் பார்க்கட்டும், நாக்கே தடுக்கும். வினையைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஐ ஆம் வொர்க்கிங்' கூடாது, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று வர வேண்டும்.

கேள்வி: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யு' சரியா?

பதில்: இல்லை. 'மீட்டிங் யு'. அங்கே இருக்கும் 'டு' வினைக்கு முன்னால் வரும் 'டு' அல்ல, அசல் ப்ரிபொசிஷன். சந்தேகமிருந்தால் அதன்பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்' பொருந்துகிறதல்லவா? பெயர் உட்காரும் நாற்காலியில் வினை உட்கார வேண்டுமென்றால் 'இங்' அணிந்துகொண்டுதான் வர வேண்டும்.

கேள்வி: நான் தமிழ் வழியில் படித்தவன். "நீ தமிழில் நினைக்கிறாய், அதனால்தான் ப்ரிபொசிஷன் தவறுகிறது. ஆங்கிலத்தில் நினைக்கப் பழகு" என்கிறார் பயிற்சி வகுப்பு ஆசிரியர். எப்படி நினைப்பது? (போட்டித் தேர்வுக்குத் தயாராகும் வாசகர்)

பதில்: தமிழில் நினைப்பது குற்றமல்ல, தம்பி. அரைகுறையாக நினைப்பதுதான் குற்றம்.

'தி ஆன்சர் ஆவ் தி கொஸ்டின்', 'தி கீ ஆவ் தி டோர்' என்று ஆங்கில வழியில் படித்தவர்களே எழுதி நான் அடித்துத் திருத்தியிருக்கிறேன். நீங்கள் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? கேள்விக்கு விடை. கதவுக்குச் சாவி. பிரச்சினைக்குத் தீர்வு. எல்லாம் 'கு'. ஆங்கிலத்திலும் எல்லாம் 'டு'தான்: 'ஆன்சர் டு', 'கீ டு', 'சொல்யூஷன் டு'. அடுத்து 'சீனியர்', 'ஜூனியர்'. அவற்றின் பின் 'தேன்' போட்டு மதிப்பெண் இழக்காதவர்கள் குறைவு. இவை லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள், 'டு'வைத்தான் ஏற்கும். நமக்கு லத்தீன் தெரிய வேண்டியதில்லை. 'எனக்கு மூத்தவர்', 'எனக்கு இளையவர்' என்று சொல்லும் நாக்குக்கு 'சீனியர் டு மீ', 'ஜூனியர் டு மீ' தானாக வரும்.

தமிழ் காலை வாருகிற இடமும் உண்டு, 'ஆல்' உருபு. கத்தியால் வெட்டினான், அவனால் வெட்டப்பட்டது, மழையால் தாமதமானது. மூன்றிலும் நமக்கு 'ஆல்'. இங்கே மூன்றாம் வேற்றுமை பற்றிப் பள்ளியில் படித்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று அதன் பொருளை மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்களே, அன்று அதைச் சலித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். கருவி என்றால் 'வித்'. கருத்தா என்றால் 'பை'. உடனிகழ்ச்சி மறுபடி 'வித்'. ஆக, 'கட் வித் எ நைஃப்', 'கட் பை ஹிம்', 'கேம் வித் ஹிம்'. மழை கருவியும் அல்ல, கருத்தாவும் அல்ல, காரணம். அதற்கு 'பிகாஸ் ஆவ்'. தேர்வுத்தாளில் 'ஆல்' என்று மனதில் தோன்றியதும் ஒரு நொடி நின்று, இது கருவியா கருத்தாவா காரணமா என்று கேளுங்கள். அதற்குத் தமிழ் இலக்கணம்தான் வேண்டும்; ஆங்கிலத்தில் நினைத்தால் நடக்காது. உங்கள் ஆசிரியருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

கேள்வி: 'ஐ ஃபாட் வித் மை பிரதர்' என்றால் சகோதரனை எதிர்த்துச் சண்டை போட்டேனா, அவனோடு சேர்ந்து போட்டேனா?

பதில்: இரண்டும் ஆகலாம். பெரும்பாலும் எதிர்த்து. பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்ற சொல்லுக்கு 'எதிராக' என்றுதான் முதன்மைப் பொருள். 'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நிற்பது; அதற்குள் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'கூட' என்ற பொருள் பிறகு வந்து முழு வீட்டையும் எடுத்துக்கொண்டது. நாமும் 'அவனோடு சண்டை' என்றுதான் சொல்கிறோம் என்பதைக் கவனித்தீர்களா? சண்டைக்கும் ஓர் ஆள் கூட வேண்டியிருக்கிறது.

கேள்வி: சென்ற மாதம் நீங்கள் எழுதிய ஆங்கில வாக்கியம் ஒன்று ப்ரிபொசிஷனில் முடிந்தது. அப்படி முடிக்கக் கூடாது என்று எங்கள் காலத்தில் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வருத்தமாக இருந்தது. (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, அந்தப் பிரம்பின் கதை பெரியது. 1672இல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தமக்கு முன் வாழ்ந்த பென் ஜான்சனின் எழுத்தில் வாக்கிய முடிவில் ப்ரிபொசிஷன் நிற்பதைக் குறை சொன்னார். தம் எழுத்திலும் அந்தக் குறையை அண்மையில்தான் கவனித்ததாக ஒப்புக்கொண்டார். பிறகு தம் பழைய கட்டுரை ஒன்றை மறுபதிப்புச் செய்தபோது, அப்படி முடிந்த வாக்கியங்களைத் தேடித் தேடி மாற்றினார். 1762இல் ராபர்ட் லவுத் என்பவர் இலக்கண நூல் எழுதினார். பேச்சு வழக்கில் இது இயல்பு, ஆனால் முன்னால் வைத்து எழுதுவதே கம்பீரமான நடைக்கு அழகு என்றார். அதைச் சொல்லும் வாக்கியத்திலேயே, நம் மொழி இந்த வழக்கத்தை மிகவும் நாடுகிறது என்ற இடத்தை 'டு'வில் கொண்டுபோய் முடித்திருந்தார். வேடிக்கைக்காகச் செய்தாரா, கை தவறியதா என்று இன்றும் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள். அவர் அழகு என்றதைப் பின்னால் வந்தவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். 'ஹூ ஆர் யு டாக்கிங் டு?' என்று கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை. விண்ணப்பத்திலும் ஆய்வேட்டிலும் வேண்டுமானால் மாற்றி எழுதலாம். நான் எழுதியது கதைச் சுருக்கம். அது அப்படியே இருக்கட்டும், அனுமதி கொடுங்கள்.

கேள்வி: வாரக் கடைசியில் என்பதற்கு 'அட் தி வீக்எண்ட்' சரியா, 'ஆன் தி வீக்எண்ட்' சரியா?

பதில்: முன்னது பிரிட்டன், பின்னது அமெரிக்கா. 'டிஃபரண்ட் டு' பிரிட்டனில் கேட்கும், 'டிஃபரண்ட் தேன்' அமெரிக்காவில் கேட்கும். 'டிஃபரண்ட் ஃப்ரம்' எங்கும் செல்லும். ஒரே கடிதத்தில் இரண்டு நாட்டுக்கும் போய்வராதீர்கள்.

கேள்வி: ப்ரிபொசிஷன்களின் முழுப் பட்டியல் ஒன்றை வெளியிடுங்கள். மனப்பாடம் செய்துவிடுகிறேன். (பள்ளி மாணவர்)

பதில்: வெளியிடமாட்டேன். பட்டியலில் 'அட்' என்று தனியாக நிற்கும் சொல்லை மனப்பாடம் செய்து என்ன பயன்? அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டும். 'குட் அட்', 'அஃப்ரெய்ட் ஆவ்', 'இன்டரெஸ்டட் இன்', 'டிபெண்ட் ஆன்' என்று ஜோடியாக எழுதி வை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் நீள நோட்டு ஒன்றில் இப்படித்தான் எழுதினேன், ஒரு பக்கத்துக்கு ஒரு ப்ரிபொசிஷன். 'ஆன்' பக்கம் மூன்று முறை நிரம்பித் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. 'டிஸ்பைட்' பக்கத்தில் ஒரே வரி: 'பின்னால் ஆவ் போடாதே. இன் ஸ்பைட் என்றால் போடு.' அந்த நோட்டை நான் கடன் கொடுப்பதில்லை.

கேள்வி: 'மை பாஸ் ஷவுட்டட் டு மீ' என்று நண்பருக்கு எழுதினேன். அவர் "உனக்கு நல்ல மேலதிகாரி" என்று பதில் போட்டிருக்கிறார். கேலி செய்கிறாரா?

பதில்: முப்பத்தொரு ஆண்டுகளில் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. நண்பர் கேலி செய்யவில்லை, நீங்கள் எழுதியதைச் சரியாகப் படித்திருக்கிறார். 'த்ரோ தி பால் டு மீ' என்றால் பந்து என் கைக்கு, பிடிப்பதற்காக. 'த்ரோ தி பால் அட் மீ' என்றால் பந்து என் மண்டைக்கு. 'அட்' குறிவைக்கும், 'டு' கொண்டுபோய்ச் சேர்க்கும். 'ஷவுட்டட் டு மீ' என்றால் நீங்கள் தூரத்தில் இருந்தீர்கள், காதில் விழ வேண்டுமே என்று குரலை உயர்த்தினார்; ஒருவேளை நீங்கள் குடையை மறந்துவிட்டுப் போயிருக்கலாம். 'ஷவுட்டட் அட் மீ' என்றால் உங்கள்மேல் எரிந்து விழுந்தார். இரண்டில் எது நடந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது என்றால், நண்பருக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.